மேடத்தின் சைட்டேஷன் கணக்கு

மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். நூலகம் என்றதும் புத்தகம் அடுக்குகிற வேலை என்று நினைத்துவிட வேண்டாம். அது எப்போதோ குறைந்துவிட்டது. பதவி உயர்வு, ஆராய்ச்சி நிதி, விருதுப் பரிந்துரை என்று ஏதாவது ஒன்று வரும். சம்பந்தப்பட்ட விஞ்ஞானி இதுவரை என்னென்ன வெளியிட்டிருக்கிறார், அவற்றை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று நான் அறிக்கை தயாரித்துக் கொடுக்க வேண்டும். கேட்டு வருகிற மின்னஞ்சல் மட்டும் மாறுவதே இல்லை. மொத்தம் எத்தனை பேப்பர், எத்தனை சைட்டேஷன், ஹெச் இண்டெக்ஸ் எவ்வளவு, நாளைக்குள் வேண்டும். பேப்பர் என்றால் ஆய்வுக் கட்டுரை, சைட்டேஷன் என்றால் அதை மற்ற கட்டுரைகள் மேற்கோள் காட்டுவது. ஹெச் இண்டெக்ஸ் இந்த இரண்டையும் சேர்த்துப் போடுகிற ஓர் எண், அதன் கணக்கைப் பிறகு சொல்கிறேன்.

கேட்பவர்கள் யாரும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. ஒரு செல்லுக்குள் ஒரே ஒரு புரதம் என்ன செய்கிறது என்பதைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள்தான். சக விஞ்ஞானி ஒருவரை எடைபோட உட்காரும்போது மட்டும் மூன்று எண்கள் போதும் என்கிறார்கள். எனக்கு இதில் தீராத எரிச்சல் உண்டு.

சிறுநீரக நோய்களில் ஆராய்ச்சி செய்யும் ஒரு மேடத்தின் கோப்பு என்னிடம் வந்தது. பெயர் சொல்லவில்லை, சொன்னால் கோபித்துக்கொள்வார். அவருடைய கணக்கைப் போட்டபோது பார்த்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சுத்தம் செய்கிற வேலை. கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற மூன்று ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளங்களும் ஒரே ஆளுக்கு மூன்று விதமான எண்களைத் தரும். பெரும்பாலும் கூகுள் ஸ்காலரில்தான் அதிகம் இருக்கும். ஆய்வேடு, ப்ரீபிரிண்ட் (ஜர்னலில் வருவதற்கு முன்பே இணையத்தில் போடும் கட்டுரை), மாநாட்டுச் சுருக்கம், பல்கலைக்கழகத் தளத்தில் கிடக்கும் பிடிஎஃப் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அது சேர்த்துக்கொள்ளும். வெப் ஆஃப் சயின்ஸ் தான் தேர்ந்தெடுத்த ஜர்னல்களில் வந்ததைத்தான் முக்கியமாக எண்ணும். எது சரி என்று கேட்டால், எதை எண்ண நினைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். கூகுள் ஸ்காலரை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்று காட்டவே 2010-இல் சிரில் லாபே என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் ஐக் அன்ட்கேர் என்ற இல்லாத விஞ்ஞானியை உருவாக்கினார். கணினி எழுதிய அர்த்தமில்லாத கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டின. இல்லாத அந்த மனிதரின் ஹெச் இண்டெக்ஸ் 94 ஆனது. நோபல் வாங்கியவர்கள் பலருக்கே அவ்வளவு இருக்காது.

மேடத்தின் கணக்கில் இன்னொரு குழப்பமும் இருந்தது. திருமணத்துக்கு முன் ஒரு பெயரில் எழுதியிருக்கிறார், பின்னர் வேறு பெயரில். ஸ்கோபஸ் அவரை இரண்டு பேராக வைத்திருந்தது. கூகுள் ஸ்காலரிலோ அதே முதலெழுத்தும் அதே கடைசிப் பெயரும் கொண்ட வேறொருவர் உள்ளே நுழைந்திருந்தார். அவர் பல் அடைக்கும் சிமெண்ட் பற்றி எழுதுகிறவர். சிறுநீரக விஞ்ஞானியின் பட்டியலில் கடைவாய்ப்பல் எப்படி வந்தது என்று நானும் மேடமும் போனில் சிரித்துக்கொண்டோம். இந்தத் தொல்லைக்காகத்தான் 2012-இல் ஆராய்ச்சியாளர்களுக்கென்று ஆர்கிட் (ORCID) என்ற 16 இலக்க அடையாள எண் வந்தது. இளம் ஆராய்ச்சியாளர்கள் முதல் பேப்பரை அனுப்பும்போதே அதை வாங்கிவிடுங்கள். பின்னால் என்னைப் போன்ற யாரோ ஒருவர் உங்களை வாழ்த்துவார்.

சுத்தம் முடிந்ததும் ஹெச் இண்டெக்ஸ். இதை 2005-இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். கணக்கு ரொம்ப எளிது. ஒருவரின் ஐந்து பேப்பர்கள் முறையே 40, 12, 6, 4, 3 சைட்டேஷன் பெற்றிருக்கின்றன என்று வையுங்கள். குறைந்தது நான்கு சைட்டேஷன் உள்ள பேப்பர்கள் நான்கு இருக்கின்றன, ஆகவே ஹெச் 4. இப்போது அந்த 40-ஐ 4,000 ஆக்குங்கள். ஹெச் அப்போதும் 4 தான். உலகத்தையே புரட்டிப்போட்ட ஒரு பேப்பரும் சுமாராக ஓடிய ஒரு பேப்பரும் அதற்கு ஒன்றே. ஒரேயொரு கட்டுரையால் மட்டும் ஒருவர் உயரக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்தது என்பார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த எண் ஒருபோதும் இறங்காது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஆராய்ச்சியை விட்டுவிட்டு வீட்டில் இருந்தாலும் ஏறும், இறந்த பிறகும் ஏறும். ஐம்பத்தைந்து வயதுக்காரரையும் முப்பத்தைந்து வயதுக்காரரையும் இதை வைத்து ஒப்பிட்டால் கிடைப்பது பாதிக்கு மேல் வயதுக் கணக்குதான்.

மேடத்தின் பட்டியலைச் சைட்டேஷன் வரிசையில் அடுக்கினேன். எனக்குப் பிடித்த கட்டம் இதுதான், ஏனென்றால் அவரவர் பெருமைப்படும் பேப்பர் மேலே இருப்பதே இல்லை.

முதலிடத்தில் ஒரு பன்னாட்டுக் கூட்டு ஆய்வு. ஆசிரியர்கள் நூற்றுக்கணக்கில், மேடத்தின் பெயர் நடுவில் எங்கோ. நோயாளிகளின் மாதிரிகளை அனுப்பியவர்களில் அவரும் ஒருவர். இரண்டாவது ஒரு ரிவ்யூ கட்டுரை, அதாவது மற்றவர்களின் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்வது. மூன்றாவது திசுக்களுக்குச் சாயமேற்றும் முறை பற்றிய ஒரு செய்முறைக் குறிப்பு, அதுவும் மாணவர் ஒருவருக்காகப் போகிற போக்கில் எழுதியது.

இது அவருக்கு மட்டும் நடந்தது இல்லை. உலகத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது என்று நேச்சர் இதழ் 2014-இல் ஒரு பட்டியல் போட்டது. முதலிடத்தில் ஆலிவர் லௌரியும் அவருடைய குழுவினரும் 1951-இல் எழுதியது. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை, அவ்வளவுதான். 2014-இலேயே அதன் சைட்டேஷன் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. இரண்டாவது லேம்லி 1970-இல் எழுதியது, மூன்றாவது பிராட்ஃபோர்டு 1976-இல் எழுதியது. அவையும் புரதத்தைப் பிரிக்கிற, அளக்கிற ஆய்வகச் சமாச்சாரங்கள். டிஎன்ஏ இரட்டைச் சுருள் என்று சொன்ன வாட்சன், கிரிக்கின் 1953 கட்டுரை முதல் நூறுக்குள்ளேயே இல்லை! தன் கட்டுரை அப்படியொன்றும் பெரிய கட்டுரை இல்லை என்பது லௌரிக்கே தெரியும். அதற்குக் கிடைக்கிற வரவேற்பைப் பார்த்து உள்ளூரச் சந்தோஷப்படுவதாக வேடிக்கையாக எழுதியும் இருக்கிறார்.

செய்முறைக் கட்டுரைக்கு எண்ணிக்கை கூடுவதில் தப்பில்லை. ஆயிரக்கணக்கான ஆய்வகங்களுக்கு அது உண்மையிலேயே உதவியிருக்கிறது. ரிவ்யூ கதை வேறு. எழுதுகிறவருக்கு மூலக் கட்டுரைகள் இருபதைத் தேடிப் படிக்கப் பொறுமை இருக்காது, அவற்றைத் தொகுத்துச் சொன்ன ஒரு ரிவ்யூவைக் குறிப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். தெருவில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டாமல் தபால்காரரிடமே மொத்தமாக விசாரித்துக்கொள்வது மாதிரி. கண்டுபிடித்தவருக்குப் போக வேண்டிய சைட்டேஷன் தொகுத்தவருக்குப் போய்ச் சேருகிறது. ரிவ்யூக்களைத் தனியாகப் பிரித்துக் காட்டாத எந்த அறிக்கையையும் நான் நம்புவதில்லை.

மேடம் பெருமைப்படும் பேப்பர் பட்டியலின் கீழ்ப்பாதியில் கிடந்தது. சிறுநீர் மாதிரியைக் குளிர்வைக்காமல் சில மணி நேரம் மேசையில் விட்டுவிட்டால் ஒரு குறிப்பிட்ட புரதத்தின் அளவு எப்படிக் குறைந்துவிடுகிறது என்று அளந்து காட்டிய சின்ன ஆய்வு. "இதுக்குப் பிறகு எத்தனையோ லேப் மாதிரி எடுக்கிற முறையையே மாத்திக்கிட்டாங்க. ஆனா யாரும் எழுதல" என்றார். ஏன் எழுதவில்லை என்றால், அது எல்லோருடைய செய்முறைக் கையேட்டிலும் ஒரு வரியாகப் போய்விட்டது. 'உடனே பனிக்கட்டியில் வைக்கவும்.' கையேட்டு வரிக்கு யாரும் அடிக்குறிப்பு போடுவதில்லை. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஒரு கருத்து முழுமையாக ஏற்கப்பட்டுவிட்டால், அதைச் சொன்னவரின் பெயர் அந்த ஏற்பிலேயே கரைந்துபோகும். அதிகம் பயன்பட்டதனாலேயே குறைவாக மேற்கோள் காட்டப்படுவது என்ற இந்த வினோதத்தை எந்தத் தரவுத்தளத்தாலும் எண்ண முடியாது.

அப்புறம், சைட்டேஷன் என்றாலே பாராட்டு என்று ஒரு நினைப்பு இருக்கிறது. எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா) தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் கட்டுரை 1998-இல் லான்செட் என்ற மருத்துவ ஜர்னலில் வந்தது. 2010-இல் லான்செட் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதை மேற்கோள் காட்டிய 1,153 வெளியீடுகளை உட்கார்ந்து படித்துப் பார்த்திருக்கிறார்கள். 2019-இல் வெளியான அந்த ஆய்வில் மருத்துவ நூலகர்களுக்கும் பங்கு உண்டு, அதில் எனக்குக் கொஞ்சம் இனப்பற்றும் சேர்ந்துகொள்கிறது. ஏறக்குறைய 73 சதவீதம் எதிர்மறையான மேற்கோள்கள். 'இவர் சொன்னது தவறு' என்று சொல்லத்தான் அவரைக் குறிப்பிட்டிருந்தார்கள். எண்ணிக்கை மட்டும் பார்க்கிற குழுவின் முன் அந்தக் கட்டுரையை வைத்தால் அவர் மாபெரும் விஞ்ஞானிதான்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. எல்லோரும் தலையாட்டிக்கொண்டே மேற்கோள் காட்டுவது. ஸ்டீவன் கிரீன்பெர்க் என்ற நரம்பியலாளர் 2009-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு காரியம் செய்தார். ஒரு அரிய தசை நோயில் பீட்டா அமிலாய்டு என்ற புரதம் தசையிலேயே உற்பத்தியாகிறது என்ற நம்பிக்கை எப்படிப் பரவியது என்று 242 பேப்பர்களையும் அவற்றுக்கு இடையேயான 675 மேற்கோள்களையும் வலையாக வரைந்தார். ஆதரவான ஒரு சில ஆய்வுகள் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. பலவீனத்தைக் காட்டிய, எதிரான தரவு தந்த ஆய்வுகள் ஏறத்தாழ கண்டுகொள்ளப்படவே இல்லை. 'இருக்கலாம்' என்று ஒருவர் எழுதியது அடுத்தவர் கைக்குப் போகும்போது 'இருக்கிறது' ஆகிவிட்டது. ஒரு பேப்பரின் முன்னுரையில் வரிசையாக அடைப்புக்குறிக்குள் எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வலைப்படம்தான் ஞாபகம் வரும்.

அல்சைமர் துறையில் 2006-இல் நேச்சரில் வந்த ஒரு எலி ஆய்வு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சைட்டேஷன் பெற்றது. படங்களில் கைவைக்கப்பட்டிருக்கிறது என்ற பிரச்சினை எழுந்து 2024-இல் அது திரும்பப் பெறப்பட்டது. அதனால் பேப்பர் பட்டியல் தயாரிக்கும்போது திரும்பப் பெறப்பட்டவை இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதியாகிவிட்டது. மேடத்தின் பட்டியலில் அப்படி எதுவும் இல்லை. அவர் மேற்கோள் காட்டியவற்றில் ஒன்று இருந்தது. சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

இம்பாக்ட் ஃபேக்டரைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. அது ஜர்னலுக்கான எண், ஆளுக்கான எண் இல்லை, இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. மேற்கோள்களைத் தொகுத்துக் குறியீடு போட்ட யூஜின் கார்ஃபீல்டு அதைக் கொண்டுவந்ததே எந்த ஜர்னல்களைத் தன் குறியீட்டுத் தொகுப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்யத்தான். முந்தைய இரண்டு வருடக் கட்டுரைகள் இந்த வருடம் பெற்ற மேற்கோள்களின் சராசரி, அவ்வளவே. சராசரி எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற படிகவியல் ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டர் 2008-இல் சுமார் 2. அடுத்த வருடம் 49.9. காரணம், ஜார்ஜ் ஷெல்ட்ரிக் தன் மென்பொருளைப் பற்றி 2008-இல் அதில் எழுதிய ஒரே ஒரு கட்டுரை. இரண்டு வருடக் கணக்கு முடிந்ததும் 2011-இல் எண் மறுபடி 2-க்கு வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் அதே ஜர்னலில் வேறு ஏதோ எழுதியவர்களும் '50 இம்பாக்ட் ஃபேக்டர்' என்று சிவியில் போட்டிருக்க மாட்டார்களா என்ன? பெர் செக்லன் என்பவர் 1990-களிலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார், ஜர்னலின் மேற்கோள்களில் பாதியைச் சுமார் 15 சதவீதக் கட்டுரைகளே கொண்டுவருகின்றன என்று. ஆராய்ச்சியை எப்படி மதிப்பிடுவது என்பது பற்றி 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான டோரா பிரகடனமும் ஆளை எடைபோட இம்பாக்ட் ஃபேக்டரைப் பயன்படுத்தாதீர்கள் என்றது. கையெழுத்துப் போட்ட நிறுவனங்கள் நிறைய. படிவத்தில் அந்தக் கட்டம் இன்னும் இருக்கிற நிறுவனங்களும் நிறைய.

பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்பது இன்னொரு விஷயம். உயிர்மருத்துவத்தில் முதல் பெயர் பெரும்பாலும் வேலை செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவர். கணிதத்தில் அகரவரிசை, அங்கே இந்தக் கணக்கே செல்லாது. நடுவில் இருப்பவர்களில் உயிரைக் கொடுத்து உழைத்தவரும் இருப்பார், உபகரணத்தைக் கடன் கொடுத்தவரும் இருப்பார். ஐந்து நாளைக்கு ஒரு பேப்பர் வீதம் வெளியிடுகிறவர்களைப் பற்றி ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் அயோனிடிஸும் அவருடன் சேர்ந்தவர்களும் 2018-இல் எழுதினார்கள். அதாவது வருடத்துக்கு 72-க்கும் மேல். எழுதுவதை விடுங்கள், நான் மாதம் ஆறு பேப்பரை ஒழுங்காகப் படித்தாலே பெரிய விஷயம்.

அதே அயோனிடிஸ் குழுதான் எல்லோரும் பேசும் 'இரண்டு சதவீத' பட்டியலையும், அதாவது உலகின் முன்னணி இரண்டு சதவீத விஞ்ஞானிகளின் பட்டியலையும், வெளியிடுகிறது. பட்டியல் வரும் வாரம் வாழ்த்துப் பலகைகளும் வாட்ஸ்அப் படங்களும் பறக்கும். உண்மையில் அந்தத் தரவு வாழ்த்துகிறவர்கள் நினைப்பதைவிட நுணுக்கமானது. மொத்த மேற்கோள், ஹெச், தனியாக எழுதியவை, முதல் ஆசிரியராகவும் கடைசி ஆசிரியராகவும் எழுதியவை என்று ஆறு அளவுகளைச் சேர்க்கிறார்கள். தன்னைத் தானே மேற்கோள் காட்டியதை நீக்கிய தரவரிசையும் உண்டு. வாழ்நாள் பட்டியல் வேறு, ஒரு வருடப் பட்டியல் வேறு. வாழ்த்துப் பலகையில் இதில் எது என்று இருந்து நான் பார்த்ததில்லை.

எனக்குக் கொஞ்சம் பிடித்த எண் ஒன்றும் இருக்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 2016-இல் உருவாக்கிய ரிலேட்டிவ் சைட்டேஷன் ரேஷியோ. புற்றுநோய்த் துறையில் எழுதுகிறவர்கள் ஏராளம், மேற்கோளும் கொட்டும். அரிய சிறுநீரக நோயில் எழுதுகிறவர்கள் சொற்பம். அதனால் ஒரு பேப்பரோடு சேர்த்து மேற்கோள் காட்டப்படும் மற்ற பேப்பர்களையே அதன் துறையாக எடுத்துக்கொண்டு, அந்தத் துறையில் எவ்வளவு எதிர்பார்க்கலாமோ அதோடு ஒப்பிடுகிறார்கள். 1.0 என்றால் அந்த நிறுவனத்தின் நிதி பெற்ற பேப்பர்களின் இடைநிலை அளவு. ஐசைட் என்ற தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மருத்துவச் சோதனைகளிலோ சிகிச்சை வழிகாட்டுதல்களிலோ அந்தப் பேப்பர் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்றும் அது காட்டும். மேடத்தின் பனிக்கட்டிப் பேப்பர் அங்கே 1.0-ஐத் தாண்டியிருந்தது. ஒரு மருத்துவச் சோதனைக் கட்டுரையும் அதைக் குறிப்பிட்டிருந்தது. இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டார்.

ஆனால் எந்த எண்ணும் முன்கூட்டிச் சொல்லாது. கதலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் எம்ஆர்என்ஏ-வில் ஒரு நியூக்ளியோசைடை (அதன் அடிப்படைக் கூறுகளில் ஒன்றை) மாற்றினால் உடலின் அழற்சி எதிர்வினை அடங்குகிறது என்று 2005-இல் இம்யூனிட்டி ஜர்னலில் எழுதினார்கள். வந்தபோது பெரிய பரபரப்பு இல்லை. கரிகோ அதற்குப் பத்து வருடம் முன்பே, 1995-இல், பணியில் கீழிறக்கப்பட்டிருந்தார். கோவிட் தடுப்பூசிகளுக்குப் பிறகுதான் அந்தப் பேப்பரை எல்லோரும் தேடினார்கள், 2023-இல் நோபல். சீன விஞ்ஞானி து யூயூவின் கதை இன்னும் விசித்திரம். அவர் கண்டறிந்த மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினின் என்ற மூலக்கூறைப் பற்றி 1977-இல் வெளிவந்த கட்டுரையில் தனி ஆள் பெயரே கிடையாது, ஆய்வுக்குழுவின் பெயர்தான். ஹெச் இண்டெக்ஸ் போடும் மென்பொருள் அந்தக் கட்டுரையை யார் கணக்கில் எழுதும்? 2015-இல் அவருக்கு நோபல் கிடைத்தது.

சரி, மேடத்தின் அறிக்கைக்கு வருகிறேன். மூன்று எண்களும் கொடுத்தேன், கேட்டதைக் கொடுக்காமல் இருக்க முடியாது. எந்தத் தளத்தில் எந்தத் தேதியில் எடுத்தது, சுயமேற்கோள் நீக்கியா நீக்காமலா என்று பக்கத்திலேயே போட்டேன். பேப்பர்களைக் கூட்டு ஆய்வு, ரிவ்யூ, செய்முறை, சொந்த ஆய்வு என்று பிரித்தேன். சொந்த ஆய்வில் அவர் முதல் அல்லது கடைசி ஆசிரியராக இருப்பவற்றைத் தனியாக எடுத்தேன். அவற்றிலிருந்து ஐந்தை மேடத்தையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். அமெரிக்க சுகாதார நிறுவனத்தின் சுயவிவரப் படிவத்திலும் இதே யோசனைதான், உங்கள் பங்களிப்புகளில் ஐந்து வரை நீங்களே விளக்குங்கள் என்று கேட்பார்கள்.

அந்த ஐந்தையும் மற்றவர்கள் எந்த வாக்கியத்தில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். முன்னுரையில் கும்பலோடு கும்பலாக வருவதை ஒரு பக்கம் ஒதுக்கினேன். 'இவர்கள் சொன்ன முறைப்படி மாதிரிகளைச் சேகரித்தோம்', 'இவர்களின் முடிவு எங்களிடமும் வந்தது', 'எங்களிடம் வரவில்லை' என்பது போன்ற வாக்கியங்களை அப்படியே எடுத்து இரண்டு பக்கத்துக்குத் தொகுத்தேன். மறுத்தவர்கள் இரண்டு பேரையும் சேர்த்துத்தான். அதை நீக்கிவிடலாமா என்று மேடத்திடம் கேட்கவில்லை, அவரும் நீக்கச் சொல்லவில்லை. ஒருவருடைய மறுப்பைப் படித்துவிட்டு, "இவங்க எடுத்தது குழந்தைகளோட மாதிரி, அதனாலதான் வேற மாதிரி வருது. இதைத் தனியா செஞ்சு பாக்கணும்" என்று குறிப்பெடுத்துக்கொண்டார்.

மேடத்தின் கோப்பைப் பரிசீலித்த குழுவில் ஒருவர் அந்த இரண்டு பக்கத்தையும் முழுசாகப் படித்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. பனிக்கட்டிப் பேப்பரைப் பற்றி நேர்காணலில் இருபது நிமிடம் கேள்வி கேட்டாராம். இன்னொருவர் கூட்டத்துக்கு முந்தைய நாள் எனக்குப் போன் செய்து, "அறிக்கை நீளமா இருக்கு, ஹெச் எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். முதல் பக்கத்தில் மூன்றாவது வரி என்றேன்.